முன்னங்காலைத் தூக்கிய பெப்போ

நாய்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற நினைப்போடுதான் லண்டனில் போய் இறங்கினேன். நான் சாத்தூர்க்காரன். எங்கள் பக்கம் சிப்பிப்பாறை நாய் இல்லாத தெரு கிடையாது. ஒட்டிய வயிறு, நீண்ட மூக்கு, முயலைக் கண்டுவிட்டால் கண் இமைப்பதற்குள் அடுத்த காட்டில் இருக்கும். வேட்டை நாய் என்றால் அதுதான் என்று ஐம்பத்தெட்டு வருடம் நம்பி வந்தவன் நான்.

போன காரியம் நாய் அல்ல. என் மகள் தேன்மொழியின் மாமனார் சிவபாலன் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் முதல் வருடத் திவசத்தை ஆட்டைத் திவசம் என்கிறார்கள். சம்பந்தி வீட்டிலிருந்து ஒருவராவது போய் நிற்பதுதான் மரியாதை. என் மனைவிக்கு முழங்கால் வலி, பத்து மணி நேரம் விமானத்தில் காலை மடக்கி உட்கார முடியாது. ஆகவே ஒரு கிலோ சாத்தூர் சேவோடு நான் கிளம்பினேன்.

நோர்பரியில் மகள் வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் என்னை வரவேற்றது அந்த உருவம்தான். கன்றுக்குட்டி உயரம், வெள்ளையும் பழுப்பும் கலந்து தூவிய மேனி. தொங்குகிற காது, தொங்குகிற உதடு, தொங்குகிற கன்னம். முகத்தில் தொங்காதது மூக்கு மட்டும்தான். மெதுவாக வந்து என் தொடையில் தலையைச் சாய்த்து, பெருமூச்சு விட்டு, தலையை எடுத்துக்கொண்டு போனது. குனிந்து பார்த்தால் பேண்ட்டில் உள்ளங்கை அளவுக்கு எச்சில்.

"வயசாயிருச்சோ பாவம்?" என்றேன்.

"இல்லை மாமா, எட்டு வயசுதான். குட்டியிலையே உப்பிடித்தான்" என்றார் மாப்பிள்ளை கஜன். "பெப்போ எண்டு பேர். பிராக்கோ இத்தாலியானோ. இத்தாலிக்காரற்றை வேட்டை நாய். அப்பா கொண்டுவந்தவர்."

"வேட்டையா? எதை வேட்டையாடும், மெத்தையையா?" என்று கேட்டு நானே சத்தமாகச் சிரித்தேன். பெப்போ என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

"அப்பா! அதுக்குக் கேலி பண்ணா புரியும்" என்றாள் தேன்மொழி. "யாராவது சத்தம் போட்டாக்கூட அரை நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும்."

சாயங்காலம் வரை அது என் பக்கம் திரும்பவில்லை. சாத்தூரில் நாயைத் திட்டினால் அது அடுத்த நிமிடம் வாலாட்டிக்கொண்டு வரும். இங்கே ஒரு நாயிடம் மன்னிப்புக் கேட்டு பிஸ்கட் நீட்டிக்கொண்டு நின்றேன். பெரிய மனது பண்ணி வாங்கிக்கொண்டது. பல் படாமல், விரலில் உதடு மட்டும் பட்டது.

இரவு இடியப்பமும் சொதியும். தேங்காய்ப் பாலில் மஞ்சளாக, புளிப்பாக, குடித்தே விடலாம் போல இருந்தது. பரிமாறியவர் சம்பந்தியம்மா இராசேஸ்வரி. குரலை உயர்த்தாத மனுஷி. ஒவ்வொரு தடவையும் "காணுமோ அண்ணை?" என்பார். நான் "போதும் போதும்" என்பேன். இன்னும் இரண்டு இடியப்பம் வந்து விழும். அவர்கள் போதும் என்பதற்குக் காணும் என்பார்கள், அந்தச் சொல்லைச் சொன்னால்தான் அவர் கை நிற்கும் என்று எட்டாவது இடியப்பத்தில் கற்றுக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது சம்பந்தியம்மா மகனிடம் சாதாரணமாகச் சொன்னார்: "திவசம் முடிய அடுத்த நாளே உந்த நாயைக் கொண்டுபோய் விடவேணும். நாய் எடுக்கிற கென்ட் ஆக்களுக்குச் சொல்லிப்போட்டியோ?"

கஜன் தலையைக் குனிந்துகொண்டு "ஓம் அம்மா" என்றார். தேன்மொழி பாத்திரத்தை வேண்டியதற்கு மேல் அழுத்தித் தேய்த்தாள். நாய் மேசைக்கு அடியில் என் காலில் முகத்தை வைத்துப் படுத்திருந்தது.

காரணம் மறுநாள் தெரிந்தது. திவசத்துக்கு முன் ஆர்ச்வே முருகனைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று சம்பந்தியம்மா சொல்ல, நானும் கூடப் போனேன். சுரங்க ரயிலுக்கு இறங்கும் நகரும் படிக்கட்டில் நான் இடது பக்கம் வசதியாக நின்றுகொண்டேன். பின்னாலிருந்து ஒருவர் "மன்னிக்கவும்" என்றார். இடம் விட்டேன். இன்னொருவர் "மன்னிக்கவும்" என்றார். மூன்றாவது மன்னிக்கவும் கொஞ்சம் காரமாக வந்தது. நிற்பவர்கள் வலது பக்கம், நடப்பவர்கள் இடது பக்கம் என்று சம்பந்தியம்மா சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக என்னை ஓரம் கட்டினார். எங்கள் ஊரில் இதே விஷயத்தை வேறு விதமாகச் சொல்வார்கள், ஆனால் உடனே புரியும்.

ரயிலில் உட்கார்ந்ததும் நானே கேட்டேன்: "ஏம்மா, அந்த நாய் எதுவும் தப்புப் பண்ணுச்சா?"

அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பதினொரு மாசியம் அண்ணை. மாசா மாசம் அவருக்குப் பிடிச்சதெல்லாம் வடிவாச் சமைச்சு, வீட்டுக்குப் பின்னாலை வளவுக்கை இலை போட்டு வைச்சன். ஒருக்காலும் காகம் தொடேல்லை. புறா தின்னுது. அணில் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு ஓடுது. உந்த நாயை உள்ளுக்கை பூட்டினால் கண்ணாடிக் கதவைப் பிறாண்டிக்கொண்டு குழறுது. காகம் எப்பிடி வரும்? அந்த மனிசன் பதினொரு மாசமாப் பசியோடை நிக்குது."

எங்கள் வீட்டிலும் காகம் எடுத்த பிறகுதான் இலையில் உட்காருவோம். அது வர அரை மணி நேரம் தாமதமானாலே என் மனைவி மொட்டை மாடிக்கும் அடுக்களைக்கும் நடையாய் நடப்பாள். இந்த அம்மாள் பதினொரு மாதம் காத்திருக்கிறார்.

"எனக்கு நாயோடை கோபம் இல்லை" என்றார். "இத்தாலியிலை அவர் தனிய இருந்த காலத்திலை, ஒரு பண்ணையிலை சமையல் வேலை. லொம்பார்டி எண்ட இடம். பண்ணைக்காரர் உந்த நாயள் வளக்கிறவர். இவர் எங்களிட்டை லண்டனுக்கு வெளிக்கிடேக்கை ஒரு குட்டி குடுத்து விட்டவர். அவருக்கு அது உயிர். ஆனா அவர் சாப்பிடாமல் நான் எப்பிடி அண்ணை சாப்பிடுறது?"

ஆர்ச்வேயில் முருகன் முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். நான் எனக்காக எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு காகம் அனுப்பப்பா என்றேன்.

அடுத்த நாள் எனக்கு ஒரு வேலை வந்தது. திவசத்துக்கு வாழை இலையும் வாழைக்காயும் மிட்சம் என்கிற பகுதியில் ஒரு தமிழ்க் கடையில் சொல்லி வைத்திருந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயாயிற்று. நானே வாங்கி வருகிறேன், நாயையும் நடத்திக்கொண்டு போகிறேன் என்றேன். பேருந்தில் பெப்போ நடைபாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு படுத்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அதைத் தாண்ட முடியாமல், "பரவாயில்லை, அது வசதியாக இருக்கிறது" என்று தன் நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்ததில் இறங்கினார். மதுரை பஸ்ஸில் மனுஷன் படுத்திருந்தாலே மிதித்துவிட்டுப் போவார்கள்.

கடைக்காரர் ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவராம். நாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"இது சிவபாலன் அண்ணையின்ரை பெப்போ எல்லே! அண்ணை வழி நெடுகக் கதைச்சுக் கதைச்சுத்தான் கூட்டிக்கொண்டு வருவார். இதுவும் எல்லாம் விளங்கின மாதிரி வரும்."

இலைச்சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் போக டிராம் பிடிக்கலாம் என்று போனேன். பெரிய புல்வெளி ஒன்றை ஒட்டி நிறுத்தம். அங்கேதான் அது நடந்தது.

நடந்துகொண்டிருந்த பெப்போ சட்டென்று நின்றது. முன்னங்கால் ஒன்று மேலே மடிந்தது. நாய் காலைத் தூக்கினால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான், ஆனால் அது பின்னங்கால். சரி, நாடு விட்டு நாடு வந்தால் பழக்கமும் மாறும் என்று மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கழுத்து நீண்டு, வால் விறைத்து, கண் கொட்டாமல், கல்லில் செதுக்கி வைத்தது மாதிரி நிற்கிறது. கூப்பிட்டேன். இழுத்தேன். வாசல் கேட் தூணை இழுத்தது போல இருந்தது. ஒரு டிராம் வந்து போனது. இரண்டாவதும் வந்து போனது.

எனக்கு வியர்த்துவிட்டது. வலிப்பு! திவசத்துக்கு இரண்டு நாள் முன்பு சம்பந்தி வீட்டு நாயைக் கொன்றுவிட்டு எந்த முகத்தோடு போய் நிற்பேன்? எங்கள் ஊரில் வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுப்பார்கள். சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்தேன். மண்டியிட்டு உட்கார்ந்து, தூக்கிய அந்தப் பாதத்தில் சாவியை வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, அதற்கு எந்த வீட்டைத் திறந்துவிடப் போகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல். சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள் நின்றார். பேச்சில் வேறு நாட்டு வாடை. வலிப்பு, இரும்பு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த டிராமுக்காகக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வலிப்பு இல்லை. வேலை பார்க்கிறது. அந்தப் புதருக்கு அடியில் பாருங்கள்."

பார்த்தேன். சருகோடு சருகாக ஒரு புறா பதுங்கியிருந்தது. எனக்கு அது அதுவரை தெரியவே இல்லை.

அந்த அம்மாள் இத்தாலியில் பிறந்தவர், அவருடைய தகப்பனார் பியெமொன்டே மலைப் பக்கத்தில் இதே ஜாதி நாய் வைத்திருந்தாராம். "அங்கே மலையில் உள்ளது வெள்ளையும் செம்மஞ்சளும், உடம்பு லேசாக இருக்கும். இது லொம்பார்டிச் சமவெளியில் உள்ளது, கனமானது" என்றார். ஒரு காலத்தில் இரண்டு வகையுமே அருகிப்போய், பிரியமானவர்கள் சிலர் ஒன்றாகச் சேர்த்துக் காப்பாற்றினார்களாம்.

"துப்பாக்கி வருவதற்கு முன்னால் வலைதான். நாய் பறவை இருக்கிற இடத்தைக் காட்டி அசையாமல் நிற்க வேண்டும். ஆட்கள் பின்னால் வந்து வலையை வீசுவார்கள். நாய் ஓர் அடி எடுத்து வைத்தால் பறவை போச்சு, சாப்பாடும் போச்சு. அதனால் பாய்கிற குட்டியை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. நிற்கிற குட்டியைத்தான் வளர்த்தார்கள். பல நூறு வருடமாக."

நான் சாவிக்கொத்தை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டேன். பாய்வதுதான் வேட்டை என்று நினைத்த என் சிப்பிப்பாறை ஞானம் அந்தப் புல்வெளியில் கப்பலேறியது.

புறா படபடவென்று பறந்தது. பெப்போ அப்போதும் நின்றது. "அடடா, நல்ல பழக்கம்! வீட்டுக்காரர் ஒரு சொல் வைத்திருப்பார், அதைச் சொன்னால்தான் கால் இறங்கும்" என்ற அந்த அம்மாள், போதும் என்பதற்கு பாஸ்தா என்றார், வா என்பதற்கு வியேனி என்றார், இன்னும் ஏழெட்டு இத்தாலியச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். உதட்டிலிருந்து எச்சில் நூல் மட்டும் நீண்டது. கஜனுக்குப் போன் போட்டேன். "ஓம் மாமா, அப்பா ஏதோ சொல்லுறவர். எனக்கு ஞாபகம் இல்லை. நான் ஷிப்ட், அவர்தான் எப்பவும் கூட்டிக்கொண்டு போறவர். இத்தாலியன் சொல்லாத்தான் இருக்கும்."

கடைசியில் கைகொடுத்தது லண்டன் மழை. ஐந்து நிமிடம் நனைந்த பிறகு பெப்போ காதுகளை ஓர் உதறு உதறியது. எச்சிலும் மழையும் எங்கள் இருவர் மேலும் சமமாகத் தெறித்தன. கால் இறங்கியது. நாலாவது டிராமில் ஏறினேன். அது எதிர்த்திசையில் போகிற டிராம் என்பதை விம்பிள்டனில் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் அடுக்களையில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மாவிடம் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். இந்த நாய் பறவை மேல் பாயாது. வெளியே விட்டால் புறாவும் அணிலும்தான் பயந்து ஓடும். காகம் புத்திசாலி, அசையாத நாயைக் கண்டு பயப்படாது. உள்ளே பூட்டி வைப்பதால்தான் குழறுகிறது.

"ஏலாது அண்ணை" என்றார். "காகம் வாற இடத்திலை நாயை விடுறதோ? இதுதான் கடைசித் தரம். வரட்டும், வராமல் விடட்டும், உது நாளண்டைக்குக் கென்ட்டுக்குப் போகுது."

அதற்கு மேல் சம்பந்தி பேசக் கூடாது. வாயை மூடிக்கொண்டு வாழைக்காய் சீவினேன்.

திவசத்தன்று ஐயர் வந்து கிரியைகளை முடித்துக்கொண்டு போனார். புழுங்கலரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம் என்று எல்லாம் படத்துக்கு முன்னால் படைத்தாயிற்று. சம்பந்தியம்மா சின்ன இலை ஒன்றில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, பின்பக்கத்துப் புல்லில் ஒரு செங்கல் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினார். உடனே பெப்போ கதவைப் பிறாண்ட ஆரம்பித்தது. குழறியது. வேலி மேல் சாம்பல் நிற அணில் ஒன்று எட்டிப் பார்த்தது. இரண்டு புறாக்கள் இறங்கி இலையை நோக்கி நடந்தன.

சம்பந்தியம்மாவின் உதடு நடுங்கியதைப் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. யோசிக்காமல் கதவைத் தள்ளித் திறந்துவிட்டேன்.

"அண்ணை!" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பெப்போ வெளியே போனது. ஓடவில்லை. கால்களை நீட்டி நீட்டி, அலுங்காத ஒரு பெருநடை. அணில் மறைந்தது, புறாக்கள் பறந்தன. நாய் நேராக இலையை நோக்கிப் போனது. வடையை இது தின்றுவிட்டால் நான் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போய்விட வேண்டியதுதான். தேன்மொழி என்னை முறைத்தாள்.

அப்போது பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது.

பெப்போ நின்றது. முன்னங்கால் மடிந்தது. கழுத்து நீண்டது, வால் விறைத்தது. நாங்கள் நால்வரும் கதவுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றோம். காகம் வேலிக்கு வந்தது. நாயைப் பார்த்தது. புல்லில் இறங்கியது. தத்தித் தத்தி இரண்டு அடி, பிறகு ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு அடி. நாய்க்கும் இலைக்கும் நடுவில் ஓர் ஆள் நீளம்கூட இருக்காது. காகம் ஒரு வாய் சோறு எடுத்தது. இன்னொரு வாய். தலையைச் சாய்த்து நாயை மறுபடி பார்த்துவிட்டு, வடையை முழுசாகக் கவ்விக்கொண்டு வேலிக்கு மேலே போய்க் கரைந்தது. எங்கிருந்தோ இரண்டாவது காகமும் வந்தது. பெப்போவின் உதட்டிலிருந்து எச்சில் தரை வரை இறங்கியதே தவிர, ஒரு ரோமம் அசையவில்லை.

"சாப்பிட்டிட்டார்" என்றார் சம்பந்தியம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே சிரித்தார். "வடையைத்தான் முதல் எடுப்பார். எப்பவும் வடைதான்." கஜன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். என் கண்ணும் நிறைந்துவிட்டது, அதை மறைக்க நான் ஒன்றும் செய்யவில்லை.

காகங்கள் இலையைக் காலி செய்துவிட்டுப் பறந்தன. பெப்போ நின்றுகொண்டே இருந்தது.

"பாஸ்தா, பெப்போ!" என்றார் கஜன். அசையவில்லை. "வியேனி!" ம்ஹூம். நான் என் பங்குக்குச் சாத்தூர் பாணியில் நாக்கைச் சொடுக்கினேன். அது என்னை மதிக்கவே இல்லை. மழைக்கான அறிகுறியும் இல்லை, அன்றைக்கு என்று பார்த்து வெயில் அடித்தது.

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையில் சோற்றுக் கரண்டியோடு வாசல்படிக்கு வந்தார்.

"காணும் பெப்போ" என்றார். "வாங்கோ ராசா."

கால் இறங்கியது. உடம்பு மொத்தமும் தளர்ந்தது. தொங்குகிற காதுகளை ஆட்டிக்கொண்டு நேராக அவரிடம் வந்து, திவசத்துக்குக் கட்டியிருந்த புதுச் சேலையில் முகத்தைப் புதைத்துப் பெருமூச்சு விட்டது.

நாங்கள் மூவரும் அவரையே பார்த்தோம். "அம்மா, உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார் கஜன்.

"அவர் எப்பவும் உந்தச் சொல்லைத்தானே சொல்லுறவர். உங்களுக்கெல்லாம் இத்தாலியன்! ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லையே." சேலையில் படர்ந்த ஈரத்தைப் பார்த்தார். தட்டிவிடவில்லை. நாயின் தலையில் கையை வைத்தபடியே மகனிடம் சொன்னார்:

"கென்ட் ஆக்களுக்குப் போன் எடுத்து வேண்டாமெண்டு சொல்லு. வாற அமாவாசைக்கும் அவருக்குச் சோறு வைக்க வேணும். உந்த அணிலை ஆர் பாக்கிறது?"